ஐடி கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன்: வேறு துறையிலிருந்து மாறுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேறு துறையில் நாலைந்து வருடம் வேலை பார்த்துவிட்டு ஐடிக்கு மாற நினைக்கிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: பணம் கட்டி கோர்ஸ் படித்தால் வேலை கிடைக்குமா?

நான் சென்னைக்கு அருகே ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். இப்போது தொழிற்சாலைகளுக்கான மென்பொருள் செய்யும் ஒரு கம்பெனியில் டெஸ்டிங், அதாவது மென்பொருளைச் சோதிக்கும் வேலை, பார்க்கிறேன். நடுவில் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. அதில் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொன்னால், கோர்ஸ் பாடம் சொல்லித் தரும், வேலை வாங்கித் தராது. வேறு துறையிலிருந்து வருகிறவருக்கு வேலை கிடைப்பது பெரும்பாலும் அவருடைய பழைய அனுபவத்தை வைத்துத்தான். பழைய வேலைக்கும் போக நினைக்கும் வேலைக்கும் நடுவில் எது குறைகிறது என்று தெரிந்தபின், அதை நிரப்ப மட்டும் பணம் செலவழித்தால் கோர்ஸ் உதவும். அது தெரியாமல் கட்டும் பணம் பெரும்பாலும் வீண்தான்.

சென்னையை வைத்துத்தான் எழுதுகிறேன். கோவையிலோ மதுரையிலோ இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. "ஐடி" என்று சொல்லாமல், எந்த வேலை என்று முடிவு செய்யுங்கள்

முதலில் ஒரு கசப்பான விஷயம். பெரிய கம்பெனிகள் ஃபிரெஷர்களை (அனுபவமில்லாத புதியவர்களை) எடுக்கும்போது, எந்த வருடம் டிகிரி முடித்தீர்கள் என்று பார்க்கிறார்கள். அந்த வருடம் முடித்தவர்கள், மிஞ்சினால் அதற்கு முந்தைய ஓரிரு வருடங்களில் முடித்தவர்கள் என்று வரம்பு இருக்கும். அதோடு பத்தாம் வகுப்பிலிருந்து டிகிரி வரை 60 சதவீதம், நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது, படிப்பில் அதிக இடைவெளி கூடாது என்றும் கேட்பார்கள். டிகிரி முடித்து ஐந்து வருடம் ஆனவர் எந்தக் கோர்ஸ் படித்தாலும் இந்த வாசல் வழியாகப் போக முடியாது. இன்ஸ்டிடியூட்டில் உட்கார்ந்திருக்கும் கவுன்சிலர் இதை உங்களிடம் சொல்ல மாட்டார்.

அதனால் உங்கள் பழைய துறை மதிக்கப்படும் இடத்தைத் தேடுங்கள். தொழிற்சாலையில் தரமோ உற்பத்தியோ பார்த்தவருக்கு, கம்பெனி நிர்வாக மென்பொருளான எஸ்ஏபியில் தரத்துக்கான க்யூஎம், உற்பத்தித் திட்டத்துக்கான பிபி என்ற மாட்யூல்கள் (பகுதிகள்) இருக்கின்றன. தொழிற்சாலை மென்பொருளின் டெஸ்டிங், சப்போர்ட் வேலைகளும் உண்டு. பிகாம் படித்துக் கணக்கு பார்த்தவருக்கு எஸ்ஏபியின் கணக்குப் பகுதியான ஃபைகோவோ, அதுபோன்ற வேறு நிர்வாக மென்பொருளோ (ஈஆர்பி) ஒத்துவரும். வங்கியில் இருந்தவர் வங்கி மென்பொருள் டெஸ்டிங்குக்குப் போகலாம். பிபிஓவில் இருந்தவர், கணினிப் பிரச்சினைகளுக்கு உதவும் சர்வீஸ் டெஸ்க்கில் தொடங்கி, அங்கிருந்து நெட்வொர்க், கிளவுட் என்று நகரலாம்.

ஒரு சின்ன வேலை செய்யுங்கள். நௌக்ரி, லிங்க்ட்இன் என்ற வேலைத் தளங்களில் நீங்கள் நினைக்கும் வேலைக்கான விளம்பரங்களில் ஒரு முப்பதை எடுத்து, அவற்றில் திரும்பத் திரும்ப வரும் தேவைகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். நான் டெஸ்டிங் விளம்பரங்களைப் பார்த்தபோது எஸ்க்யூஎல் (டேட்டாபேஸில் தேடும் மொழி), ஏபிஐ டெஸ்டிங் (மென்பொருள்களுக்கு இடையிலான இணைப்பைச் சோதிப்பது), செலினியம் (தானாகச் சோதிக்கும் கருவி), ஜிரா (குறைகளைப் பதியும் கருவி) ஆகியவை அடிக்கடி வந்தன. கையால் சோதிக்கும் மேனுவல் டெஸ்டிங் மட்டும் போதும் என்று கேட்டவை குறைவு. எந்தப் பயிற்சி மையத்தின் பாடத்திட்டத்தையும் அந்த நோட்டோடு ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும். விளம்பரம் கேட்கும் அனுபவ வருடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். முப்பதிலும் "மூன்று வருடத்துக்கு மேல்" என்றே இருந்தால், அந்த வேலை உங்களுக்கு முதல் படி ஆகாது.

2. இரண்டு மூன்று மாதம் இலவசமாகப் படித்துப் பாருங்கள்

ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் ஆன்லைன் வகுப்புகள் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக்கு 1,000 ரூபாய் கட்டி, மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். பைத்தான், டேட்டாபேஸ், சாஃப்ட்வேர் டெஸ்டிங் எல்லாம் அதில் உண்டு. ஆங்கிலத்தில் கேட்கச் சிரமமாக இருந்தால், ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியலில் பல பாடங்கள் தமிழ்க் குரலிலேயே இருக்கின்றன.

இதைச் செய்யச் சொல்வது பணத்தை மிச்சப்படுத்த மட்டுமல்ல. ஷிஃப்ட் முடிந்து வந்து தினமும் ஒன்றரை மணி நேரம் உங்களால் உட்கார முடிகிறதா, அந்த வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா என்று இந்தக் காலத்தில் தெரிந்துவிடும். எந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறீர்கள் என்பதும் தெரியும். அந்த இடத்துக்குத்தான் ஆசிரியர் தேவை, அதற்குப் பணம் கொடுக்கலாம்.

3. மொத்தச் செலவைக் கணக்கிடுங்கள், கட்டணத்தை மட்டுமல்ல

வேளச்சேரி, தி.நகர், வடபழனி, தாம்பரம், ஓஎம்ஆர் பக்கம் நான் விசாரித்த இடங்களில், ஒரு தனிப் பாடத்துக்கு 15,000 முதல் 30,000 வரை சொன்னார்கள். ஃபுல் ஸ்டாக் (வெப்சைட்டின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டும்), டேட்டா சயின்ஸ் போன்ற நீண்ட கோர்ஸ்களுக்கு 40,000 முதல் 80,000 வரை. பிளேஸ்மென்ட் உண்டு என்று விற்கும் ஆன்லைன் பூட்கேம்ப்கள் லட்சத்தைத் தாண்டுகின்றன.

சொல்லும் தொகையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். 45,000 என்று சொல்லி உட்கார வைத்துவிட்டு, பில் போடும்போது 53,100 என்பார்கள். ஜிஎஸ்டி எண் போட்ட ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். "ரொக்கமாகத் தந்தால் ஜிஎஸ்டி வேண்டாம்" என்பது சலுகை போலத் தெரியும். பிறகு பணத்தைத் திருப்பிக் கேட்க நேர்ந்தால் உங்கள் கையில் ஆதாரம் எதுவும் இருக்காது.

கட்டணம் தவிர வேறு செலவுகளும் உண்டு. எட்டு ஜிபி ரேம் உள்ள ஒரு லேப்டாப் வேண்டும். வெளியூரிலிருந்து வருகிறவருக்கு விடுதியும் சாப்பாடும் மாதாமாதம் ஓடும். சான்றிதழ் தேர்வுக் கட்டணம் பெரும்பாலும் கோர்ஸ் கட்டணத்தில் அடங்காது. அமேசானின் ஏடபிள்யூஎஸ் கிளவுட் பிராக்டிஷனர் தேர்வுக்கு 100 டாலர், அதோடு வரி. அந்தச் சான்றிதழ் மூன்று வருடம்தான் செல்லும். டெஸ்டிங்கில் ஐஎஸ்டிக்யூபி என்ற சர்வதேசச் சான்றிதழின் அடிப்படைத் தேர்வில் 40 கேள்விகள், ஒரு மணி நேரம், 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. இதை எழுத எந்த வகுப்பிலும் சேர்ந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. பாடத்திட்டமும் மாதிரித் தாள்களும் அவர்கள் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன.

முழுநேரமாகவே படிப்பது என்று முடிவு செய்தவர்கள், தனியார் மையங்களுக்கு முன்னால் மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக் நடத்தும் முதுநிலை அட்வான்ஸ்டு கம்ப்யூட்டிங் படிப்பைப் பாருங்கள். சுமார் ஆறு மாதம், 900 மணி நேரம். கட்டணம் 90,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். சி-கேட் என்ற நுழைவுத்தேர்வு எழுதித்தான் சேர முடியும். வருடத்துக்கு இரண்டு முறை சேர்க்கை நடக்கும். தேர்வு வைத்து எடுப்பதால் கூடப் படிப்பவர்களின் தரமும் நன்றாக இருக்கும், கேம்பஸ் இன்டர்வியூவும் நடக்கும். ஆனால் இதற்கு வேலையை விட்டாக வேண்டும். ஒரு வருடக் குடும்பச் செலவு கையில் இல்லாதவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

4. டெமோ கிளாஸில் பார்க்க வேண்டியவை

டெமோ எடுப்பவர்தான் முழு கோர்ஸும் எடுப்பாரா என்று கேளுங்கள். பல இடங்களில் அனுபவசாலி ஒருவர் டெமோ எடுப்பார். பணம் கட்டியபின் வருபவர் போன பேட்சில் படித்து முடித்து வேலை கிடைக்காமல் அங்கேயே நின்றுவிட்ட பையனாக இருப்பார். பாவம், அவர் மேல் தப்பில்லை. ஆனால் நீங்கள் பணம் கொடுப்பது வேலையில் இருந்து பார்த்தவரிடம் கற்றுக்கொள்ளத்தான்.

டெமோ முடிந்து எல்லோரும் எழுந்து போகும்போது, நடந்துகொண்டிருக்கும் பேட்ச் மாணவர்களிடம் டீக்கடையில் நின்று பேசுங்கள். எத்தனை பேர் சேர்ந்தீர்கள், இப்போது எத்தனை பேர் வருகிறீர்கள், சொன்ன தேதியில் பாடம் முடிகிறதா என்ற மூன்று கேள்வியும் போதும். சுவரில் ஒட்டியிருக்கும் "பிளேஸ் ஆனவர்கள்" படங்களை நம்ப வேண்டாம். அவர்களில் இரண்டு பேரை லிங்க்ட்இன்னில் நீங்களே தேடிப் பிடித்துப் பேசுங்கள். முக்கியமாக, அவர்கள் கல்லூரி முடித்த கையோடு வந்தவர்களா, உங்களைப் போல வேறு வேலையிலிருந்து மாறியவர்களா என்று கேளுங்கள். ஃபிரெஷர்களை வைத்துக் காட்டும் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

"இன்றைக்குள் கட்டினால் ஐயாயிரம் தள்ளுபடி" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அடுத்த வாரம் போனாலும் அதே தள்ளுபடி இருக்கும்.

எஸ்ஏபி படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "சர்வர் ஆக்சஸ் தருகிறோம்" என்று சொல்லும் எல்லா இடமும் எஸ்ஏபியின் அங்கீகாரம் பெற்றதல்ல. அங்கீகாரம் இருக்கிறது என்றால் எஸ்ஏபி தளத்தில் பெயர் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

5. கையெழுத்துப் போடும் முன் படிக்க வேண்டிய வரிகள்

விளம்பரத்தில் "100 சதவீத பிளேஸ்மென்ட்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். ஒப்பந்தத்தில் "பிளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ்" என்று இருக்கும். வேலை தருவோம் என்பதும் வேலை தேட உதவுவோம் என்பதும் ஒன்றல்ல. எனக்கு வந்த ஒப்பந்தம் நாலு பக்கம். மூன்றாவது பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த நிபந்தனைகள் இவை: வருகை 80 சதவீதத்துக்குக் கீழே போனால் பிளேஸ்மென்ட் கிடையாது. மாக் இன்டர்வியூ எல்லாவற்றிலும் தேறியிருக்க வேண்டும். அவர்கள் அனுப்பும் முதல் வேலையை வேண்டாம் என்றால் அதோடு உதவி முடிந்தது. மூன்று இன்டர்வியூ ஏற்பாடு செய்துவிட்டால் அவர்கள் கடமை முடிந்தது. ஷிஃப்ட் வேலையில் இருப்பவரால் 80 சதவீத வருகையே முடியாது.

பணம் திரும்பக் கிடைக்கும் நிபந்தனை எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை நாளுக்குள், எவ்வளவு, எந்தக் கணக்குக்கு என்று இருக்க வேண்டும். வாய்வார்த்தையாகச் சொன்னதை எல்லாம் அன்றைக்கே ஒரு மின்னஞ்சலில் எழுதி, "நீங்கள் சொன்னது இதுதானே" என்று கேட்டுப் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தையும் படம் எடுத்து வையுங்கள். பயிற்சி மையங்களின் ஏமாற்று விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் நெறிமுறைகள் கொண்டுவந்திருக்கிறது. புகார் கொடுக்கும்போது அந்தப் படம் உதவும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் சரியாகாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

"வேலை கிடைத்த பிறகு கட்டினால் போதும்" என்னும் இடங்களில் இன்னும் கவனம் வேண்டும். அசல் சான்றிதழ்களைக் கேட்பார்கள், அல்லது தேதி போடாத காசோலை கேட்பார்கள். இரண்டையும் கொடுக்கவே கூடாது. நகல் மட்டும் கொடுங்கள், அதன் குறுக்கே எதற்காகக் கொடுத்தது என்றும் தேதியும் எழுதுங்கள்.

6. "நோ காஸ்ட் இஎம்ஐ" என்பது உங்கள் பெயரில் ஒரு கடன்

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். கவுன்சிலர் "மாதம் நாலாயிரம்தான் சார்" என்று சொல்லி, உங்கள் போனை வாங்கி, ஆதார், பான், ஒரு செல்ஃபி, ஒரு ஓடிபி என்று ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார். நீங்கள் இன்ஸ்டிடியூட்டுக்குத் தவணை கட்டுவதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். உண்மையில் ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் கடன் போட்டு, முழுத் தொகையையும் இன்ஸ்டிடியூட்டுக்கு அனுப்பியிருக்கும். அந்த ஓடிபி, உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் பிடித்துக்கொள்ள நீங்கள் கொடுத்த அனுமதி.

வகுப்பு பிடிக்காமல் நின்றாலும், இன்ஸ்டிடியூட்டே இழுத்து மூடிவிட்டுப் போனாலும், கடன் உங்கள் தலையில்தான். தவணை தவறினால் சிபில் மதிப்பெண் இறங்கும், நாளைக்கு வீட்டுக்கடன் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும்.

கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், போனைக் கையில் கொடுக்காதீர்கள். கடன் தரும் நிறுவனத்தின் பெயரைக் கேட்டு, அது ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்றதா என்று பாருங்கள். முக்கிய விவரப் பத்திரம் என்று ஒன்றை அந்த நிறுவனம் உங்களுக்குத் தர வேண்டும். அதில் வருட வட்டி, பிராசசிங் கட்டணம், மொத்தம் திருப்பிக் கட்டும் தொகை எல்லாம் இருக்கும். டிஜிட்டல் கடன்களில் மனம் மாறினால் அபராதமில்லாமல் திருப்பிக் கொடுக்கச் சில நாள் அவகாசமும் உண்டு. எத்தனை நாள் என்பது அந்தப் பத்திரத்திலேயே போட்டிருக்கும். தகராறு வந்தால் முதலில் நிதி நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனில் இலவசமாகப் புகார் செய்யலாம்.

என் கருத்து, கையிருப்பிலிருந்து கட்ட முடிந்த கோர்ஸில் மட்டும் சேருங்கள். இரண்டு தவணையாக நேரடியாக இன்ஸ்டிடியூட்டுக்கே கட்டுகிறேன் என்று கேட்டால், பெரும்பாலான இடங்களில் ஒத்துக்கொள்கிறார்கள்.

7. படிக்கும்போதே உங்கள் துறையில் ஒரு புராஜெக்ட் செய்யுங்கள்

பேட்சில் எல்லோருக்கும் ஒரே புராஜெக்ட்தான் கொடுப்பார்கள். ஷாப்பிங் வெப்சைட், நூலக மேலாண்மை இப்படி. நூறு ரெஸ்யூமேயில் அதே இருப்பதைப் பார்த்த இன்டர்வியூ எடுப்பவர் அதைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்க மாட்டார்.

நான் தொழிற்சாலையில் தினமும் பார்த்த நிராகரிப்புப் பதிவேட்டை எடுத்துக்கொண்டேன். எந்த பாகம், எந்த மெஷின், என்ன குறை, எத்தனை என்று பதியும் ஒரு சின்ன அப்ளிகேஷன். அதற்கு டெஸ்ட் கேஸ்கள் (எதை எப்படிச் சோதிப்பது என்ற குறிப்புகள்) எழுதி, அப்ளிகேஷனில் கண்ட குறைகளைப் பதிவு செய்து, எல்லாவற்றையும் கிட்ஹப் என்ற இணையதளத்தில் போட்டேன். பாகத்தின் எண்ணிக்கையைவிட நிராகரித்த எண்ணிக்கை அதிகமாகப் போட்டால் மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்பதுபோலத் தொழிற்சாலைக்குள் நின்று பார்த்தவனுக்கு மட்டும் தோன்றும் கேஸ்கள் அதில் இருந்தன. இன்டர்வியூவில் பேச்சு நீண்டது அதைப் பற்றித்தான். கோர்ஸ் சான்றிதழை யாரும் கேட்கவே இல்லை. உங்கள் கம்பெனியின் உண்மையான தரவையோ படங்களையோ மட்டும் பயன்படுத்தாதீர்கள்.

8. ஆவணங்களை இப்போதே சரிசெய்யுங்கள்

ஆஃபர் வந்தபின் ஓடினால் நேரம் போதாது. பத்து, பன்னிரண்டு மதிப்பெண் பட்டியல்கள், எல்லா செமஸ்டர் பட்டியல்கள், டிகிரி சான்றிதழ், பழைய வேலைகளின் ஆஃபர் லெட்டர், ரிலீவிங் லெட்டர், கடைசி மூன்று மாத பே ஸ்லிப், ஃபார்ம் 16 எல்லாம் ஸ்கேன் செய்து ஒரே இடத்தில் இருக்கட்டும். புரொவிஷனலோடு நிறுத்தியவர்கள் டிகிரி சான்றிதழை வாங்கிவிடுங்கள்.

நம் ஊர்ப் பெயர்களில் இனிஷியல் ஒரு பெரிய தலைவலி. மதிப்பெண் பட்டியலில் "கார்த்திக் எஸ்" என்று இருக்கும். பானில் அப்பா பெயர் விரிந்து "கார்த்திக் செல்வராஜ்" ஆகியிருக்கும். ஆதாரில் "எஸ் கார்த்திக்". மூன்றும் ஒரே ஆள்தான் என்று வெரிஃபிகேஷன் செய்யும் ஏஜென்சிக்குப் புரிய வைக்கவே ஒரு வாரம் போகும். ஆதார், பான், பிஎஃப் மூன்றிலும் பெயரை முடிந்தவரை ஒன்றாக்குங்கள். மதிப்பெண் பட்டியலோடு வித்தியாசம் இருந்தால் ஒரு நோட்டரி அஃபிடவிட் தயாராக வைத்திருங்கள்.

அடுத்தது பிஎஃப். யூஏஎன் (உங்கள் பிஎஃப் எண்) தளத்தில் சர்வீஸ் ஹிஸ்டரியைத் திறந்து, ஒவ்வொரு பழைய கம்பெனியிலும் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். விலகிய தேதியைப் பழைய கம்பெனி போடாமல் விட்டிருந்தால், கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே அங்கே பதியலாம்.

9. போலி அனுபவமும், பணம் கொடுத்து நுழையும் பேக்டோரும் வேண்டவே வேண்டாம்

வேலை கிடைக்காமல் சில மாதம் போனதும், சில இடங்களில் மெதுவாக ஒரு பேச்சு ஆரம்பிக்கும். "மூன்று வருட ஐடி அனுபவம் போட்டுத் தருகிறோம், பே ஸ்லிப், ரிலீவிங் லெட்டர் எல்லாம் வரும், ஐம்பதாயிரம்." தயவுசெய்து வேண்டாம். அந்த மூன்று வருடமும் நீங்கள் தொழிற்சாலையில் இருந்ததற்கான பிஎஃப் பதிவு மாதவாரியாக இருக்கிறது, வருமான வரிப் பதிவும் இருக்கிறது. வெரிஃபிகேஷன் அறிக்கை வேலையில் சேர்ந்த பிறகும் வரும். ஆறு மாதம் கழித்து வெளியே அனுப்பப்பட்டால், உண்மையான அனுபவத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

"பெரிய கம்பெனியில் பேக்டோர், இரண்டு லட்சம், பாதி இப்போது பாதி ஆஃபர் வந்ததும்" என்பதும் ஏமாற்றுதான். உண்மையான கம்பெனி வேலைக்கு டெபாசிட் கேட்காது, ஜிமெயில் முகவரியிலிருந்து ஆஃபர் அனுப்பாது.

10. வேலையை விடாமல் தேடுங்கள்

வார இறுதி பேட்சில் சேர்ந்து, சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே தேடுவதுதான் பாதுகாப்பு. என் கணக்கில், இலவசப் படிப்புக்கு மூன்று மாதம், கோர்ஸுக்கு நாலு மாதம், வேலை தேட ஆறு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் ஒரு வருடத்துக்கு மேல். மூன்று மாதத்தில் மாறிவிடலாம் என்று சொல்கிறவர் உங்களிடம் எதையோ விற்கிறார்.

நௌக்ரியில் ரெஸ்யூமேயை அடிக்கடி புதுப்பியுங்கள். ஆனால் எனக்கும் எனக்குத் தெரிந்து மாறியவர்களுக்கும் இன்டர்வியூ வந்தது பெரும்பாலும் ரெஃபரல் (அங்கே வேலை பார்ப்பவரின் பரிந்துரை) மூலம்தான். உங்கள் தொழிற்சாலைக்கு ஈஆர்பி போட வந்த டீம், மென்பொருள் சப்போர்ட்டுக்கு வருகிறவர்கள், எல்லோருடைய எண்ணும் உங்களிடம் இருக்க வேண்டும். இப்போதைய கம்பெனியிலேயே ஐடி பிரிவு இருந்தால் முதலில் அங்கே கேளுங்கள். புதிய மென்பொருள் வரும்போது, பயன்படுத்துபவர் தரப்பில் சோதித்துப் பார்க்கும் வேலைக்குக் கையைத் தூக்குங்கள். அது ரெஸ்யூமேயில் நேர்மையாக எழுதக்கூடிய அனுபவம்.

சம்பளம் குறையலாம். பெரிய சேவை நிறுவனங்களில் ஃபிரெஷருக்கு வருடம் 3 முதல் 4 லட்சம் வரைதான். சின்ன இடங்களில் அதற்கும் கீழே. இப்போது அதைவிட அதிகம் வாங்குகிறவர்கள், குறைந்த சம்பளத்தில் இரண்டு வருடம் குடும்பம் ஓடுமா என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.

ஆஃபர் கடிதம் கைக்கு வந்து, அதில் பாண்ட் இருக்கிறதா, எவ்வளவு காலம், இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று படித்தபின்தான் ராஜினாமா. நோட்டீஸ் பீரியட் 60 அல்லது 90 நாள் என்றால் புதிய கம்பெனியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடைசி நாளில் ரிலீவிங் லெட்டரைக் கையில் வாங்காமல் கிளம்பாதீர்கள். பிஎஃப் பணத்தை எடுக்காமல் புதிய கணக்குக்கு மாற்றுங்கள். நடு வருடத்தில் மாறுகிறவர்கள், அந்த நிதியாண்டில் பழைய கம்பெனியில் வாங்கிய சம்பளத்தைப் புதிய கம்பெனியின் கணக்குப் பிரிவுக்கு எழுதிக் கொடுங்கள். இல்லையென்றால் அவர்கள் வரியைக் குறைவாகப் பிடித்துவிடுவார்கள், ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது நீங்கள் மொத்தமாகக் கட்ட வேண்டியிருக்கும்.